அண்ணனின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

மடு மாதா கோயிலுக்கு நடந்துபோன கதையை நீங்கள் இரண்டு பேரும் கேட்கும்போதெல்லாம் நான் காட்டைச் சொல்லுவேன், கரடியைச் சொல்லுவேன், பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்டதைச் சொல்லுவேன். நீங்களும் சிரிப்பீர்கள். எதற்காகப் போனீர்கள் என்று கேட்டால் "நேத்திக்கடன்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவேன். அந்த நேரம் உங்கள் அம்மா குசினிக்குள் அடுப்படியில் நிற்பார். நாங்கள் கதைப்பது அவருக்குக் கேட்கும். வாயால் சொல்ல முடியாததை எழுதினால் சொல்லலாம் போலிருக்கிறது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நான் எட்டாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவன்.

உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். உங்களுடைய அண்ணா. அவனுடைய படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. நாங்கள் துணுக்காயில் இருந்த அந்தக் காலத்தில் படம் பிடிக்கிற கடை எங்கே இருந்தது?

அவனுக்கு நான்கு வயது நிறையாத ஒரு மாரியில் மலேரியா வந்து தலைக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் பாயில்தான் கிடத்தினோம். கட்டில் இல்லை, மருந்தும் வந்தால்தான் உண்டு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சண்டையில் இடம்பெயர்ந்து வந்து எங்கள் வளவுக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டிருந்த ஒரு அக்கா, வேதக்காரர், அவனைப் பார்க்க வந்தார். வந்தவர் தன் இடுப்பிலிருந்து ஒரு நூலை எடுத்து, கிடக்கிற பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து குதிக்கால் வரைக்கும் பிடித்து அறுத்து, அம்மாவிடம் நீட்டினார்.

"பிள்ளை, மாதாவை நினைச்சு நேர்ந்துகொள். இவன் எழும்பினா, தூக்கிக்கொண்டு நடந்து வந்து, அவன்ர உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு சொல்லு."

நாங்கள் சைவக்காரர். கிடக்கிற பிள்ளையை நூல் பிடித்து அளப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி அளப்பது வேறு ஒன்றுக்குத்தான். ஆனால் அம்மா அந்த நூலை வாங்கிக் கண்ணில் ஒற்றி, அக்கா சொன்னபடியே சொன்னார்.

அண்ணா எழும்பினான். பொங்கலுக்கு வரம்பில் ஓடித் திரிந்தான். சேற்றில் விழுந்து எழும்பி, "அப்பா, வரம்பு என்னைத் தள்ளிப்போட்டுது" என்று முறைப்பாடு சொன்னான். ஆடி மாதத் திருநாளுக்கு மடுவுக்குப் போவதென்று இருந்தோம்.

பங்குனியில் திரும்பவும் காய்ச்சல் வந்தது. சைக்கிளில் அம்மா பின்னால் இருந்து அவனை மடியில் வைத்திருக்க, நான் மிதித்துக்கொண்டு போனேன். பாதி வழியில் அம்மா என் முதுகைத் தட்டி, "மெதுவாப் போங்கோ. இனி அவசரமில்லை" என்றார்.

இதற்கு மேல் அதை எழுத மாட்டேன். சின்னப் பிள்ளை என்றபடியால் எரிக்கவில்லை, புதைத்தோம். ஊர் முழுக்க அழுதது. அம்மா அழவில்லை. சமைத்தார், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். நித்திரையில்கூட அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. எனக்கு அதுதான் பயம். உள்ளுக்குள் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதை விட்டால்தான் உயிரோடு மிஞ்சுவார் என்று எனக்கு விளங்கியது. எப்படி விடச்சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

ஆனி பிறந்ததும் ஒரு நாள், "மடுவுக்குப் போகவேணும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உமக்கென்ன விசரே? பிள்ளையே இல்லை. ஆருக்கு நேத்தி?"

"எழுப்பித் தாங்கோ எண்டு கேட்டனான். எழுப்பித் தந்தவா. கேட்டது அவ்வளவுதான். குடுக்கிறன் எண்டதைக் குடுக்கோணும்."

சரி, அந்த நூல் இருக்கிறதுதானே, அந்த அளவுக்குச் செய்வோம் என்றேன். அம்மா தலையாட்டி மறுத்தார்.

"அது காய்ச்சலில கிடந்த பிள்ளையின்ர அளவு. நான் நேர்ந்தது எழும்பின பிள்ளைக்கு. பிறகு வளர்ந்தவனெல்லே."

வளர்ந்த பிள்ளையை யாரும் அளந்து வைக்கவில்லை. அம்மா எழுந்து நின்று, வலது கையைத் தன் தொடையின் பக்கத்தில், இடுப்புக்குச் சற்றுக் கீழே வைத்தார். "கட்டிப்பிடிச்சா அவன்ர தலை இதிலதான் முட்டும்." நான் குனிந்து நிலத்திலிருந்து அந்தக் கை வரைக்கும் ஒரு ஈர்க்கைப் பிடித்து முறித்தேன். நூலை விட அது மூன்று விரல் நீளம்.

கடையில் மெழுகுதிரி இல்லாத காலம் அது. உடுப்புத் தோய்க்கிற சவுக்காரமும் மண்ணெண்ணெயும்கூட அருமை. காட்டில் தேன் எடுக்கிற ஆட்களிடம் போய்த் தேன் பிழிந்த கூட்டின் வதை கேட்டேன். எதற்கென்று சொன்னதும் ஒருவரும் மறுக்கவில்லை. வதையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, சீலையில் வடித்து, மிதந்து உறைந்த மெழுகை அம்மா பலகையில் வைத்துக் கையாலேயே உருட்டினார். பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கியதுதான் திரி. கடை மெழுகுதிரி போல வெள்ளையாகவும் நேராகவும் இல்லை. மஞ்சளும் மண்நிறமும் கலந்து, மேலெல்லாம் அம்மாவின் விரல் தடம் பதிந்து, தேன் மணத்தோடு இருந்தது.

பக்கத்து அக்காவும் அவருடைய புருசனும் வண்டில் கட்டினார்கள். அரிசி, பானை, பாய் எல்லாம் வண்டிலில். நேர்ந்தவர்கள் பின்னால் நடை, காலில் செருப்பில்லை. எங்கள் ஊராட்கள் கொஞ்சப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். அம்மா மெழுகுதிரியை உரித்த வாழைத்தடலில் வைத்து, ஈரச்சாக்கால் சுற்றி, பழைய சேலையில் பிள்ளையைத் தூங்கவைக்கிற ஏணை போலக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வண்டிலில வை பிள்ளை, வைக்கலுக்கை குளிர்ச்சியாக் கிடக்கும்" என்றார் அக்கா.

"தூக்கிக்கொண்டு வாறன் எண்டுதான் நேர்ந்தனான் அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

வவுனிக்குளத்து அணைக்கட்டின் மேல் ஏறியபோது ஒரு பக்கம் தண்ணீர் வெள்ளித் தகடு போலக் கிடந்தது, மறுபக்கம் சிறுபோக நெல்லின் பச்சை. பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்தபடி இருந்தன. கூட்டத்தில் யாரோ பாட்டு எடுக்க, மற்றவர்கள் பிடித்துப் பாடினார்கள். எனக்கு அந்தப் பாட்டுகள் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, ஆனால் உதடு அசைந்தது.

பாண்டியன்குளம் கடந்து காடு தொடங்குகிற இடத்தில் வண்டில் நின்றது. எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவன் ஒரு குழை முறித்து மரத்தடியில் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுத்தான் போவான். நான் முறித்துப் போட்டேன். பார்த்தால் அந்த அக்காவும் ஒரு கொப்பை முறிக்கிறார்.

"நீங்களுமோ அக்கா?"

"பின்னை? மாதாவிட்டப் போறதெண்டாலும் காடு பிள்ளையாரின்ரதெல்லோ. கேக்காமல் போகேலுமே?"

அவருடைய புருசன் வண்டிலில் இருந்தபடி, "ரெண்டு குழையாப் போடும். ஒண்டு கரடிக்கு" என்றார். "பாலைப்பழக் காலம். உந்த மெழுகுதிரி மணத்துக்கு, மனிசரை விட்டிட்டுக் கரடியும் திருநாளுக்கு வரப்போகுது."

"வந்தா உங்களைக் காட்டிவிடுறன். தன்ர இனசனம் எண்டு திரும்பிப் போயிடும்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் முகத்திலும் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது.

நட்டாங்கண்டல் பக்கத்துக் காடு நீங்கள் பார்க்கவேண்டிய காடு. பாதைக்கு மேலே மரங்கள் கைகோத்து நிற்கும். பாலையும் வீரையும் பழுத்து நிலமெல்லாம் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது. மணல் குளிர்ச்சியாக இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மயில் அவசரமில்லாமல் பாதையைக் கடந்தது. குரங்குகள் கொப்பை உலுப்பிப் பழத்தைக் கொட்டின, நாங்கள் பொறுக்கித் தின்றோம். இவ்வளவு வடிவான வழியில் இந்தக் காரியத்துக்கு வந்தோமே என்று எனக்கு மரங்களின் மேல்கூடக் கோபம் வந்தது.

ஒரு வளைவில் வேறொரு ஊர்க்கூட்டம் வந்து எங்களோடு கலந்தது. அதில் ஒரு பெண், தோளில் தன் பிள்ளையோடு, அம்மாவின் பக்கத்தில் வந்து நடந்தார்.

"நித்திரையோ?" என்று ஏணையைக் காட்டிக் கேட்டார்.

அம்மா, "ஓம்" என்றார்.

"தலையில வெய்யில் படுது. மூடிவிடும்."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடினார்.

அந்தப் பெண் முன்னே போகும் வரைக்கும் பொறுத்து, "இஞ்சேரும், என்ன கதை இது?" என்றேன்.

"அவவிட்ட என்னத்தைச் சொல்லச் சொல்லுறியள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போற மனிசியிட்ட?"

புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று ஒரு பக்கம் ஆறுதல். ஆனாலும், மடுவில் போய் இந்தக் கைகள் அதை விடுமா, இல்லாவிட்டால் இப்படியே தூக்கியபடி வீட்டுக்குத் திரும்பி வருவாரா என்ற பயம் அங்கேதான் தொடங்கியது.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு சின்னக் குளத்தங்கரையில் சோறு காய்ச்ச நின்றோம். அம்மா ஏணையை அவிழ்த்துப் பார்த்து, "ஐயோ" என்றார். வெய்யிலில் மெழுகு இளகி, தோளின் வளைவுக்கு மெழுகுதிரியும் வளைந்துபோயிருந்தது. தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டால் முதுகு வளையுமே, அப்படி. நாங்கள் சுற்றி நின்றோம். ஒருவருக்கும் தொடத் துணிவில்லை. அக்காவின் புருசன்கூடப் பகிடி விடவில்லை.

அம்மா அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு குளத்துக்குள் முழங்கால் அளவுக்கு இறங்கினார். ஒரு கையைக் கீழே கொடுத்து, மற்றக் கையால் மெல்ல மெல்ல நீவி நிமிர்த்தி, தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தார். தேன் மணத்துக்குச் சின்னத் தேனீக்கள் வந்து அவர் கையைச் சுற்றின. நான் விசுக்கிக் கலைக்கப் போனேன்.

"விடுங்கோ. அதுகளின்ர வீடுதானே. பாத்திட்டுப் போகட்டும்."

மெழுகு இறுகும் வரைக்கும் அப்படியே நின்றார். நேரானது, முழுக்க நேராகவில்லை. நடுவில் ஒரு சின்ன வளைவு தங்கிவிட்டது. சோறு ஆறிப்போயிற்று.

பாலம்பிட்டி தாண்டி மடுவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மரங்களுக்குக் கீழே சனம். திருநாளுக்கு வந்தவர்கள் கொப்பு வெட்டிக் கொட்டில் போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் வேறு கொட்டில்கள், திருநாளுக்குப் போட்டவை அல்ல. ஊர் விட்டு ஓடிவந்து, திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே இருக்கிற சனம். எங்களுக்கு இடம் கிடைத்தது அவர்களின் ஓரத்தில்.

அன்று பின்னேரம் மெழுகுதிரி கொளுத்தப் போனோம். அம்மா குளித்து, ஈரத் தலையோடு, சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு வந்தார். மெழுகுதிரி எரிந்து முடியும் வரைக்கும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நாங்களாகவே நினைத்திருந்தோம். எங்களுக்குத் தெரிந்தது அதுதான். கோயிலில் கொளுத்திய கற்பூரம் தானாக எரிந்து முடியும். சாமிக்கு ஏற்றிய விளக்கை வாயால் ஊதி நூர்க்கிறவனை அடிக்க வருவார்கள்.

அங்கே இரும்புத் தட்டு நிறைய மெழுகுதிரிகள். சூடு முகத்தில் அடித்தது. அம்மா கொளுத்தி நிறுத்தினார். அந்த வளைவோடு அது கொஞ்சம் சாய்ந்து நின்று எரிந்தது. வாய்க்குள் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பெருவிரல் நகமளவு எரிந்திருக்கும். கோயில் வேலை பார்க்கிற ஒரு ஐயா கையில் தகரக் குவளையோடு வந்து, வரிசையாக ஒவ்வொரு சுவாலையையும் மூடி நூர்த்து, மெழுகுதிரியைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே வந்தார்.

"நூர்க்காதேங்கோ!" என்று அம்மா கத்தினார். அவ்வளவு பெரிய சத்தம் அவரிடமிருந்து பல மாதங்களுக்குப் பிறகு வந்தது. சனம் திரும்பிப் பார்த்தது.

அந்த ஐயா கோபிக்கவில்லை. "பிள்ளை, பின்னால எத்தினை பேர் நிக்கினம் பாரும். எல்லாரும் கொளுத்தோணுமெல்லோ. கொளுத்தினவுடனே மாதா ஏற்றுக்கொண்டிட்டா. நிண்டு எரியோணும் எண்டில்லை."

"இதுகளை என்ன செய்வியள்?"

"முறிச்சுக் கிடாரத்தில போட்டு உருக்கி, சின்னன் சின்னனா ஊத்திறது. உங்கை கொட்டிலுகளில இருக்கிற சனத்துக்கு. வெளிச்சத்துக்கு அதுகள் எங்கை போறது?"

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சின்ன மெழுகுதிரிகளுக்கு நடுவே நெட்டையானவையும் கிடந்தன. ஒன்று எங்களுடையதை விடக் கட்டை. ஒன்று வளர்ந்த ஆள் உயரம், பெட்டிக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மா தன்னுடையதை எடுத்து, தானே விரலால் சுவாலையை நசுக்கி நூர்த்தார். விரல் சுட்டிருக்கும். பெட்டிக்குள் போடவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். முடிந்தது, இனி இது வீட்டுக்குத்தான் வரப்போகிறது என்று நான் நினைத்தேன்.

பொழுதுபட்டு மைம்மலான நேரத்தில் பக்கத்துக் கொட்டில் பெண் வந்து, "கொஞ்சம் விளக்குத் தருவியளோ? பிள்ளை வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்கிறான், இருட்டுக்கை ஒண்டும் தெரியேல்லை" என்றார். அம்மா எங்கள் போத்தல் விளக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இருட்டில் இருந்தார். அந்தப் பிள்ளை அழுவதும், தாய் அதட்டுவதும், பிறகு அடங்குவதும் கேட்டன. மடியில் மெழுகுதிரி.

விடியத் திருநாள் பூசை முடிந்து சனம் கொட்டில்களைப் பிரிக்கத் தொடங்கியது. "வாங்கோ" என்று அம்மா என்னைக் கூப்பிட்டார். கோயிலின் பின்பக்கம் மூன்று கல்லில் கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் கண்ட அதே ஐயா ஒரு மெழுகுதிரியை முழங்காலில் வைத்து முறித்தார். அந்தச் சத்தத்துக்கு அம்மா தன் கையிலிருந்ததை மார்போடு சேர்த்துப் பிடித்தார்.

"ஐயா, இதை முறிக்காதேங்கோ. முழுசாவே உருகட்டும்."

அவர் மெழுகுதிரியைப் பார்த்தார், அதன் நீளத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "எத்தினை வயசு?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு முடியேல்லை."

அவர் நெருப்பைக் கொஞ்சம் இழுத்துத் தணித்துவிட்டு விலகி நின்றார். "கையைச் சுட்டுக்கொள்ளாதையும்."

அம்மா கிடாரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மெழுகுதிரியை நிமிர்த்தி உருகின மெழுகுக்குள் விட்டு, மேல்நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். அது நின்றது. பிறகு அடியிலிருந்து கரையத் தொடங்கியது. அம்மாவின் கை அதோடு சேர்ந்து கீழே இறங்கியது. வரம்பில் ஓடிய உயரம் போயிற்று. ஆஸ்பத்திரியில் நூல் பிடித்த அளவு போயிற்று. கதிரையைப் பிடித்து முதன்முதல் எழும்பி நின்ற அளவுக்கு வந்தது. தவழ்ந்தபோது இருந்த அளவு. மருத்துவிச்சி என் கையில் தந்தபோது இருந்த அளவு. நான் கண்ணை மூடியிருக்கலாம், மூடவில்லை. வெந்த மெழுகில் தேன் மணம் எழும்பி எங்கள் இரண்டு பேரையும் மூடியது.

கடைசியில் அம்மாவின் விரலில் திரி மட்டும், என் பழைய வேட்டித் துண்டு, ஈரமாகத் தொங்கியது. அதை அடுப்புக்குள் போட்டார். பிடித்து எரிந்தது. அப்போதுதான் அழுதார். சத்தம் போட்டு, தலையில் அடித்து, அண்ணாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அந்த ஐயா தொப்பியைக் கழற்றி வேறு பக்கம் பார்த்தார். அக்கா எங்கிருந்தோ ஓடிவந்து அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டார்.

அழுது முடிந்ததும் அந்த ஐயா புதிதாக ஊற்றிய சின்ன மெழுகுதிரி ஒன்றை, இன்னும் சூடு ஆறாததை, அம்மாவிடம் நீட்டினார். "இதைக் கொண்டுபோம் பிள்ளை."

"வேண்டாம் ஐயா. அந்தக் கொட்டில் பிள்ளைக்குக் குடுங்கோ. அவனுக்குச் சுகமில்லை." முகத்தைத் துடைத்து, கொண்டையை முடிந்து, ஏணைச் சேலையை உதறித் தோளில் சாதாரணச் சேலையாகப் போட்டுக்கொண்டு எழும்பினார். "வாங்கோ, போவம். அக்காவின்ர மனிசன் வண்டில் பூட்டிட்டார்."

நான் எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. காட்டு வழி நெடுக அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தவன் நான். அவர் விட்டுவிட்டார். அந்த மண்ணில் குந்தியிருந்தபடி, மிதித்த சைக்கிளும், என் முதுகில் தட்டிய கையும், "இனி அவசரமில்லை" என்ற சொல்லும் எல்லாம் சேர்ந்து எனக்கு மேலே வந்து விழுந்தன. வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தியும் நிற்கவில்லை.

அம்மா நின்று என்னைப் பார்த்தார். பிறகு திரும்ப வந்து பக்கத்தில் இருந்தார்.

"அழுங்கோ," என்றார். "வண்டில் நிக்கட்டும்."